செம்பா, ஈயமா

ராயபுரம்
19.1.2025

அன்பு மகள் கார்குழலிக்கு ஜெய்பீம். உன் நைனா கிருஷ்ணப்பன் எழுதுவது.

உன் நம்பரைப் போட்டால் என் போன் ஒரு தடவை முனகிவிட்டுச் செத்துப்போகிறது. ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த பெண் பார்த்துவிட்டு, "போன் சூப்பராத்தான் கீது தாத்தா. உங்களைத்தான் யாரோ பிளாக் பண்ணி வெச்சிகீறாங்க" என்றது. அங்கே நின்ற நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வந்ததற்கு மரியாதையாகப் போனுக்கு ஒரு கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரும்பினேன்.

உன் அம்மாவைத் தூது போகச் சொன்னேன். "ஸ்கூல்ல அத்தினி புள்ளைங்களுக்கு சத்துணவு ஆக்கிப் போட்டுட்டு வந்து குந்தறேன். உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நான் இன்னா போஸ்ட்மேனா? போஸ்ட்மேன்னு தனியா ஒருத்தன் கீறான், அவனாண்ட போ" என்றாள். அதனால்தான், பஸ் ஏறினால் ஒரு தூக்கம் முடிவதற்குள் வந்துவிடுகிற எர்ணாவூருக்கு ஸ்டாம்பு ஒட்டி எழுதுகிறேன். தபாலாபீஸில் கவர் வாங்கி அங்கேயே முகவரி எழுதும்போது, கவுன்டரில் இருந்த அம்மா அதைப் படித்துவிட்டு, "நேர்ல போயே குடுத்துட்டு வரலாமே பெரியவரே" என்றது. குடும்ப ரகசியம் என்று சொல்லிவிட்டேன்.

குழலி, மகிழினி என் பொறுப்பில் இருக்கும்போது, என் தட்டில் இருந்த காசை, என் கண்ணெதிரே விழுங்கினாள். மூன்றிலும் 'என்' வருகிறது. நான் மறுக்கவில்லை.

உன் அம்மா தினமும் என்மேல் குற்றம் வாசிக்கிறாள். நீ படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அதையும் எழுதிவைக்கிறேன். பேரப்பிள்ளைக்கு உடம்பில் தேய்க்க நீ வாங்கிக்கொடுத்த ஆலிவ் எண்ணெயில் பாதியைப் பழங்காசு ஊறவைக்க எடுத்துக்கொண்டேன். உண்மை. பேங்க் ஏ.சி. குழாயில் சொட்டுகிற தண்ணீரை வாளி வைத்துப் பிடித்து வந்தேன். அதுவும் உண்மை. அந்தத் தண்ணீரில் உப்பு இல்லை, காசைக் கெடுக்காது, மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்குகிற தண்ணீருக்கு அது சமம் என்று சொன்னால், "அப்போ பேங்க்காரன் உனுக்குக் கடன் குடுத்துட்டான்னு சொல்லு" என்கிறாள். முதல் வருஷம் ஒரு சோழர் காசைக் குண்டான் விளக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தேன். காசு பளபளவென்று வந்தது. ராஜாவைத்தான் காணோம். அதையும் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

துறைமுகத்தில் சரக்குக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த கலாசி, எட்டாம் வகுப்போடு நின்றவன், ரிட்டையர் ஆனபிறகு ராஜராஜன் காசைப் பல் குத்துகிற குச்சியால் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் சிரிக்கத்தான் சிரிக்கும். மஜீது காயலாங்கடையில் பித்தளைச் சாமானோடு வந்து விழுகிற பச்சைக் கட்டிகள்தான் என் சொத்து. ஒரு டீ, ஒரு பன் விலை. ஊறவைத்து, தண்ணீர் மாற்றி, மறுபடி ஊறவைத்து, மாதக்கணக்கில் காத்திருந்தால் கட்டிக்குள்ளிருந்து ஓர் ஆள் எழுந்து நிற்பான். அது ஒரு பைத்தியம். விடு.

நீ லேபுக்கும் மாப்பிள்ளை வெற்றி வள்ளூர் அனல்மின் நிலையத்துக்கும் போகிற நேரம், இப்போது மகிழினியைப் பக்கத்து வீட்டுப் பூவம்மா பார்த்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். பூவம்மா நல்ல மனுஷி. ஆனால் நான் சும்மா இருக்கிறேனே. பழையபடி காலையில் என்னிடம் கொண்டுவந்து விடேன்.

உன் நைனா

*

எர்ணாவூர்
25.1.2025

நைனா,

உன் கடிதத்தை வெற்றிதான் சத்தமாகப் படித்தார். போன் கடை வந்த இடத்தில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சிரிப்பாக்கிவிடுவாய். சின்ன வயதில் எனக்கு அது பிடிக்கும்.

குழந்தை காசை விழுங்கியதற்காக நான் உன்னிடம் பேசாமல் இல்லை. ரெண்டு வயதுக் குழந்தை கையில் கிடைத்ததை விழுங்கும். என் கண்ணெதிரேயும் நடந்திருக்கலாம். எண்ணெயும் வாளியும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

நீ போன் செய்ததும் லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். நீ அவளை மடியில் வைத்துக்கொண்டு, "எந்தக் காசு கண்ணு? எந்தக் காசு?" என்று அவளையே கேட்டுக்கொண்டிருந்தாய். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. நான் வந்ததும் அவளை என் கையில் திணித்துவிட்டு எழுந்தாய். "எங்க நைனா போற?" என்றேன். "தட்டைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஓடினாய்.

எக்ஸ்ரே எடுக்கும்போது நான் தனியாக அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெற்றி ஷிப்டில் இருந்தார். அந்தப் படத்தில் அவள் வயிற்றுக்குள் வட்டமாக ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. நீ அந்த நேரம் வீட்டில் உட்கார்ந்து காசு எண்ணிக்கொண்டிருந்தாய்.

அப்புறம் வந்தாய். சிரித்துக்கொண்டே வந்தாய். "கப்பல் காசு தட்டுலயே கீது கொயலி!" என்று சொன்னாய். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள்கூட நல்ல சேதி போல என்று நினைத்தார்கள். உன் பொக்கிஷத்தில் பெரிய காசு தப்பித்துவிட்டது. என் பிள்ளை விழுங்கியது மலிவான காசு. அந்தச் சிரிப்பு என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மகிழினி நன்றாக இருக்கிறாள். பூவம்மா வீட்டில் டிவி பார்க்கிறாள். உன்னிடம் விடுகிற எண்ணம் இல்லை.

கார்குழலி

*

ராயபுரம்
31.1.2025

குழலிக்கு,

உன் கடிதத்தை உன் அம்மாதான் முதலில் பிரித்தாள். படித்து, என் முன்னால் வைத்துவிட்டு, அரிசி களையப் போய்விட்டாள். அவள் திட்டாமல் போனதும் விஷயம் பெரிதென்று புரிந்துகொண்டேன்.

பதில் எழுதினேன். மூன்று பக்கம். கிழித்துவிட்டேன். துறைமுகத்தில் சரக்குக் கட்டு அறுந்து விழுந்தால் மேஸ்திரியிடம் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கும். கயிறு சரியில்லை, காற்று சரியில்லை, கிரேன்காரன் சரியில்லை. கீழே நின்றவனுக்கு அந்தக் காரணத்தால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. நீ கீழே நின்றவள். காரணம் சொல்கிற மேஸ்திரியாக உன் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. சிரித்தேன். நீ பார்த்தாய். அவ்வளவுதான்.

காசு வேலையை விட்டுவிட்டேன். கிண்ணம், பிரஷ், குச்சி, பூதக்கண்ணாடி, காசுகள், எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு மஜீது கடையில் கொண்டுபோய் வைத்தேன்.

"இன்னா தோஸ்து, எடைக்குப் போட்டுடவா?" என்றான்.

"பூட்டி வை."

"காசு வாணாம்னு சொன்ன மொத ஆளு இந்த ராயபுரத்துலயே நீதாய்யா. வீட்ல எதுனா பேஜாரா?"

"பேத்தி வாணுமா காசு வாணுமான்னு ஆயிடுச்சி."

மஜீது டின்னைக் குலுக்கிப் பார்த்தான். "இதுல யோசிக்கறதுக்கு இன்னா கீது? இதுக்கே ஒனக்கு இத்தினி நாளாச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே கொண்டுபோனான். எனக்கு ரோஷம் வந்தது. நியாயமான கேள்விக்கு வருகிற ரோஷம்.

இப்போது நாள் முழுக்க சும்மா இருக்கிறேன். டிவி போட்டால் எல்லாரும் கத்துகிறார்கள். நானும் திரும்பக் கத்துகிறேன். நேற்று என் கால்கள் தாமாகவே பேங்க் பக்கம் போய்விட்டன. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாளி இல்லாமல் அதன் கீழே நிற்கிறேன். செக்யூரிட்டி, "இன்னா பெரியவரே, இன்னிக்கி குளிக்க வந்துட்டியா?" என்றான்.

ஒன்று கேட்கிறேன். இங்கே கொண்டுவந்து விட வேண்டாம். நான் எர்ணாவூர் வருகிறேன். உன் வீட்டுக்குள்கூட வரவில்லை. பூவம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு உட்காருகிறேன். அவள் டிவி பார்க்கட்டும். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நைனா

*

எர்ணாவூர்
9.2.2025

நைனா,

மகிழினிக்குக் காய்ச்சல். பயப்படாதே, சளிதான், இறங்கிவிட்டது. அதற்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றைக்கு எக்ஸ்ரே அறை வாசலில் இருந்த நர்ஸ், ஷைனி என்று பெயர், நாகர்கோவில் பக்கத்துப் பெண், இவளைப் பார்த்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டது.

"இவதானே காசு முழுங்குன குட்டி? தாத்தா எப்படி இருக்காரு?"

"தாத்தாவுக்கு என்ன?" என்றேன்.

"நெஞ்சு வலி எதுவும் வரலையே? அன்னைக்கு அந்த ஓட்டம் ஓடி வந்தாருல்லா. வாசல்லயே விழுந்துருவாருன்னு நான் நாற்காலி எடுத்துட்டுப் போனேன். உட்காரவே மாட்டேன்னுட்டாரு. டாக்டரைப் பார்க்கணும், டாக்டரைப் பார்க்கணும்னு ஒரே சத்தம்."

அப்புறம் அந்தப் பெண் சொன்னதை நின்றுகொண்டே கேட்டேன். நான் வருவதற்கு முன்னால் டாக்டர் உன்னிடம் கேட்டாராம், அது என்ன உலோகம் என்று. செம்பு என்றால் தானாக வெளியே வரும், காத்திருக்கலாம். ஈயம் என்றால் வயிற்றில் கரையும், உடனே மயக்க மருந்து கொடுத்துத் தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்க வேண்டும். படத்தில் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் நீ வீட்டுக்கு ஓடினாய். எது தட்டில் இல்லை என்று பார்க்க ஓடினாய். நீ வந்து 'செம்பு' என்று சொன்னபிறகுதான் எடுத்து வைத்திருந்த குழாயைத் திரும்ப அலமாரியில் வைத்தார்களாம். அதுவரை என்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லையாம்.

ஷைனி முன்னால் அழக்கூடாது என்று மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல நின்றேன்.

ஏன் நைனா சொல்லவில்லை? அந்த மூன்று பக்கத்தை ஏன் கிழித்தாய்? மேஸ்திரி கதை சொல்லி என்னை இத்தனை நாள் உன்மேல் கோபமாகவே இருக்க விட்டுவிட்டாயே. அது எனக்கும்தான் கஷ்டம் என்று உனக்குத் தோன்றவில்லையா?

பஸ்ஸில் வரும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மாட்டுமந்தை ஸ்டாப் தாண்டும்போது வேறொன்று உறைத்தது. அப்படியென்றால் அந்தத் தட்டில் ஈயக் காசு இருந்திருக்கிறது. தரையில். என் குழந்தை பக்கத்தில். அந்தக் கப்பல் காசு ஈயமா? என்னிடம் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. நான் லேபில் ஈயத்தைக் கையுறை போட்டுக்கொண்டு தொடுகிறவள் நைனா.

ஆகவே நன்றி சொல்வதா, பிளாக்கை அப்படியே விடுவதா என்று தெரியவில்லை.

காசு மூன்றாம் நாள் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பார்த்துப் பார்த்து நான்தான் கண்டெடுத்தேன். கோபத்தில் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற கால்வாயில் வீசிவிட்டேன். நீ ஒரு கடிதத்திலும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மாவிடமும் கேட்கவில்லையாம்.

ஒன்றே ஒன்று உண்மையாகச் சொல். அந்தச் சிரிப்பு எதற்கு?

குழலி

*

ராயபுரம்
13.2.2025

என் குழலிக்கு,

உண்மையைக் கேட்டிருக்கிறாய். ரெண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். வழியில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஆட்டோக்காரன் என்ஜினை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்தான். இறங்கி ஓடினேன். லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஸ்டேஷன் பக்கத்தில் எவனோ, "பெருசு யாரையோ கொன்னுட்டு ஓடுது, புடிடா" என்று கத்தினான். நின்று பதில் சொல்ல நேரமில்லை. எனக்கே அது பொய்யா என்று தெரியவில்லை.

தட்டு தரையில் அப்படியே கிடந்தது. அவசரத்தில் அள்ளியதில் ரெண்டு காசு உருண்டு அடுப்புக்கடியில் போய்விட்டது. மண்டி போட்டுத் தேடினேன். கப்பல் காசு என்று ஒன்று கையில் வந்தது. அதுதானா என்று கண்ணுக்கு நம்பிக்கை வரவில்லை. ஈயம் என்றால் தாளில் தேய்த்தால் பென்சில் போலக் கோடு விழும். காலண்டரில் தேய்த்தேன். கோடு விழுந்தது. தட்டில் இருந்த ஒரே ஈயம் வீட்டில் இருக்கிறது, அப்படியானால் பிள்ளை வயிற்றில் இருப்பது செம்பு. அந்த அடுப்பங்கரையில் மண்டி போட்டபடியே அழுதேன். அங்கே தொடங்கியதுதான் அந்தச் சிரிப்பு. முகத்தை மாற்ற நேரமில்லாமல் அதோடேயே ஆஸ்பத்திரி வரை ஓடிவந்துவிட்டேன்.

இதோடு நிறுத்தினால் நான் நல்ல தாத்தா. ஆனால் நீ உண்மையைக் கேட்டாய். அந்தக் காசில் ரெண்டு பாய்மரத்தோடு ஒரு கப்பல் இருக்கிறது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தையது என்கிறார்கள். முப்பது வருஷம் கப்பலுக்குக் கீழே நின்று வேலை செய்தவனுக்கு அதைக் கண்டெடுத்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. கோடு விழுந்ததும் முதலில் நினைத்தது மகிழினியைத்தான். அப்புறம், கண் சிமிட்டுகிற நேரம், 'கப்பலும் போகவில்லை' என்றும் மனசு சொன்னது. நீ பார்த்த சிரிப்பில் அந்தத் துளியும் இருந்தது. நீ பெற்றவள், சரியாகத்தான் பார்த்துவிட்டாய். அதனால்தான் அந்த மூன்று பக்கத்தைக் கிழித்தேன். அதில் இந்தத் துளியை எழுதாமல் விட்டிருந்தேன்.

ஈயம் பற்றி எனக்குத் தெரியும் என்பதுதான் பெரிய வெட்கம். மூர் மார்க்கெட் பக்கம் பழங்காசு பார்க்க வருகிற தேவப்பிரியம் அண்ணாச்சி, கை கழுவாமல் சோற்றைத் தொடாதே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கை கழுவினேன். தட்டைத் தரையில் வைத்தேன். என் அறிவு மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

நேற்று மஜீது கடைக்குப் போய், டின்னைத் திறந்து, கப்பல் காசை மட்டும் எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை. "வெல சொல்லும்யா" என்றார். விலை வாங்கினால் இன்னொன்று வாங்கத் தோன்றும் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் டீ சொல்லாமலே வந்துவிட்டேன். இனி இந்த வீட்டுக்குள் ஈயம் வராது.

கால்வாய்க்குப் போன காசைப் பற்றி நான் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். கேட்க நாக்கு வரை வரும். உன் அம்மா முகத்தைப் பார்த்து விழுங்கிவிடுவேன். வீட்டில் இன்னோர் ஆளும் விழுங்க ஆரம்பித்தால் நன்றாக இருக்காதென்று வாயை மூடிக்கொண்டேன். வெளியே வந்துவிட்டது என்று நீ எழுதிய வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் காசில் இருக்கிற ராஜா ஆயிரம் வருஷம் மண்ணில் நின்றவன். எர்ணாவூர் கலீஜில் இன்னோர் ஆயிரம் வருஷம் நிற்கட்டும். அவனுக்குக் கால் வலிக்காது.

நைனா

*

எர்ணாவூர்
19.2.2025

நைனா,

அந்தத் துளியை நீ எழுதாமல் விட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன், ஆனால் நம்பியிருக்க மாட்டேன். இப்போது நம்புகிறேன். மன்னிப்பது மெதுவாக வரும்.

காசு வேலையை விட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். அதைப் படித்தால் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ரிட்டையர் ஆன முதல் வருஷம் நீ எப்படி இருந்தாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. டிவி முன்னால் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனையெல்லாம் திட்டிக்கொண்டு, அம்மா தண்ணீர் கொண்டுவந்தால் அதையும் திட்டிக்கொண்டு. இப்போதும் அப்படித்தான் இருக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள். "அந்தக் கருமத்த திருப்பி எடுத்தாந்து குடுக்கச் சொல்லு, என் காது போவுது" என்கிறாள். அந்த மனுஷனிடம் என் பிள்ளையை விடமாட்டேன். குச்சியை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் விடுவேன்.

மஜீது கடையிலிருந்து டின்னை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வா. செம்பு மட்டும். அவள் தூங்கும்போது மட்டும். வெற்றி ஞாயிற்றுக்கிழமை வந்து சுவரில் உயரமாக ஒரு பலகை அடித்துத் தருகிறார், உன் சாமான் எல்லாம் அதன்மேல்தான் இருக்க வேண்டும், அவள் எழுந்ததும் கை கழுவிவிட்டுத்தான் தூக்க வேண்டும். தரையில் ஒரு தட்டைக் கண்டேன் என்றால் மறுபடி உனக்குத் தபால்தான். ஆலிவ் எண்ணெய் ரெண்டு பாட்டில் அனுப்புகிறேன். உன்னுடையதில் உன் பெயர் எழுதியிருக்கிறேன். அவளுடையதைத் தொடாதே.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கொண்டுவந்து விடுகிறேன். அவள் உன்னைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உடனே வருவாள் என்று எதிர்பார்க்காதே.

குழலி

*

ராயபுரம்
24.2.2025, மத்தியானம்

குழலிக்கு,

உடனே வரமாட்டாள் என்று நீ இன்று காலையில் வாசலில் நின்று சொன்னது சரியாகிவிட்டது. நீ போனதும் அவள் என்னை யாரோ கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள் மாதிரி பார்த்தாள். கூப்பிட்டேன், வரவில்லை. உன் அம்மா வேலைக்குப் போகிற அவசரத்திலும் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். "ஒன் மூஞ்சிய கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெய்யேன்யா" என்றாள். எனக்குச் சிரிக்கவே பயமாக இருந்தது.

நான் ஒன்றும் செய்யவில்லை. சுவரில் சாய்ந்து, கையைத் தொடைமேல் விரித்துவைத்துக்கொண்டு, வெறுமனே உட்கார்ந்திருந்தேன். மேலே பலகையைக்கூடப் பார்க்கவில்லை. அவள் பீரோவுக்குப் பக்கத்தில் நின்று உன் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம்.

அப்புறம் மெதுவாக வந்தாள். என் முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்து, "தாத்தா, ஆ காட்டு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை அதட்டினாள். "ஆ காட்டு!" இத்தனை நாளாக நீயும் வெற்றியும் பூவம்மாவும் மணிக்கொரு தரம் அவளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் போல. நான் வாயைத் திறந்தேன். தாடையைப் பிடித்துக் கீழே இழுத்து, எட்டிப்பார்த்தாள். விரலை விட்டு ரெண்டு பக்கமும் துழாவினாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள், தூக்கினேன். உன் கை மாதிரியே கை, குழலி, கொஞ்சமும் இரக்கமில்லை. விழுந்துபோன கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் கொஞ்சம் சந்தேகப்பட்டு நின்றாள். பிறகு விரலை என் சட்டையிலேயே துடைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்று சொல்லி, திரும்பி, என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சாப்பிட்டாள். ரெண்டு உருண்டை துப்பினாள், மற்றதெல்லாம் உள்ளே போனது. இப்போது மடியிலேயே தூங்குகிறாள். தூங்கினால் காசு பார்க்கலாம் என்று நீ அனுமதி கொடுத்திருக்கிறாய். பலகை உயரத்தில் இருக்கிறது, எழுந்தால்தான் எட்டும். எழவில்லை. கைக்கு எட்டிய கேஸ் ரசீதின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இடது கால் மரத்துப்போய்விட்டது.

தபால் பெட்டிக்குப் போக வேண்டுமென்றாலும் எழுந்திருக்கணுமே. சாயங்காலம் வரும்போது கையிலேயே வாங்கிக்கொள்.

நைனா